கோவேறு கழுதை நடந்த பாதையிலே

ஒரு தேசத்தார் 22 வருஷ காலம் பாடுபட்டு, லட்சக் கணக்கான கற்களையும் செங்கற்களையும் அடுக்கி, எத்தனையோ ஏழைத் தொழிலாளிகளின் உயிரையும் பலி கொடுத்து ஒரு மகத்தான கால்வாயை வெட்டினார்கள். வெட்டி முடித்த தினத்தன்றே அது பழம்பொருளாகி விட்டது! அதற்கு எட்டு வருஷம் முன்னதாகவே ரயில் வண்டி அதே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனாலும், எதற்காக வெட்டினார்களோ அதற்கு உதவாமற் போன அந்தக் கால்வாயின் கரையில் இன்று ஆயிரக் கணக்கான ஜனங்கள் ஆனந்தமாக ஸைக்கிள் விட்டுக் கொண்டு போகிறார்கள். அப்படிப் போனவர்களில் அடியேனும் ஒருவன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கம்பர்லாந்து என்னும் மலையடிவார ஊரிலிருந்து தலைநகரமான வாஷிங்டன் வரையில், போடோமாக் நதியை ஒட்டியே செல்கிறது இந்தக் கால்வாய். பெயர் செஸபீக்–ஒஹையோ கால்வாய். நீளம் 184½ மைல். அதன் கரையில், படகை இழுத்துச் செல்லும் கோவேறு கழுதைகளுக்கென்று போட்ட மண் பாதை ஒன்று உண்டு. அதுதான் இப்போது ஸைக்கிள் பாதை.

அங்கே உத்தியோகம் பார்க்கும் என் அண்ணன் மகன்தான் என்னை இந்தப் பிரயாணத்துக்கு இழுத்தவன். "சித்தப்பா! கம்பர்லாந்தில் ஏறினால் வாஷிங்டன் வரையில் இறக்கந்தான். நீங்கள் மிதிக்கக்கூட வேண்டாம்" என்றான். 184 மைலுக்கு மொத்தம் 605 அடிதான் இறக்கம் என்பதை, ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் தெரிவித்தான்.

சரளைக் கல் ஸைக்கிள்

'கிராவல் பைக்' என்று ஒரு தினுசு ஸைக்கிள் இக்காலத்தில் பிரபலமாகியிருக்கிறது. கிராவல் என்றால் சரளைக் கல். பந்தய ஸைக்கிளைப் போலவே இதற்கும் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி உண்டு. ஆனால் டயர் மட்டும் அதைவிட அகலம். காற்றும் சற்றுக் குறைவாகவே அடிப்பார்கள். இதனால் சரளையிலும் சேற்றிலும் மரவேர்களிலும் ஏறி இறங்கும்போது சக்கரம் வழுக்குவதில்லை. முதுகெலும்பும் பிழைத்துக் கொள்கிறது. தார் ரோட்டிலும் மோசமில்லை. மோட்டார் வண்டிகளின் புகையும் சத்தமும் வேண்டாம், ஆனால் தூரதேசம் போகவேண்டும் என்கிறவர்களுக்கு ஏற்ற வாகனம் இது.

இந்தப் பாதையில் மோட்டாருக்கு அநுமதி இல்லை. ஸைக்கிளுக்கும் மணிக்கு 15 மைல்தான் உச்ச வேகம். நடப்பவர்களுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் ஸைக்கிள்காரன் வழிவிட வேண்டும் என்பது விதி. பாதையை உண்டாக்கியவை அவையல்லவா? அந்த மரியாதை நியாயமானதுதான்.

இரண்டு விழாக்கள்

1828-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, அதாவது அமெரிக்க சுதந்திர தினத்தன்று, வாஷிங்டனுக்கு அருகில் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டிக் கால்வாய் வேலையைத் துவக்கினார். மண்வெட்டி ஒரு மரவேரில் பட்டது, மண் பெயரவில்லை. மறுபடியும் வெட்டினார், அப்போதும் பெயரவில்லை. ஜனாதிபதி கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓங்கி வெட்டினார். மண் பெயர்ந்தது. கூட்டத்தார் செய்த ஆரவாரம் வானை எட்டியது.

அதே தினத்தில், பால்டிமோர் நகரில் வேறொரு விழா நடந்தது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த ஒரே மனிதரான சார்லஸ் காரல், தமது 90-வது வயதில், பால்டிமோர்–ஒஹையோ ரயில்வேக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். மேற்கே போய்ச் சேர வேண்டுமென்பதே இரண்டின் நோக்கமும். ரயில் 1842-ல் கம்பர்லாந்தை அடைந்தது. கால்வாய் 1850-ல்தான் அடைந்தது. அதற்கப்பால் பிட்ஸ்பர்க் வரையில் வெட்டுவதாக இருந்த திட்டம் கைவிடப்பட்டது.

படகும் குடும்பமும்

உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குப் படகு எப்படி இறங்கும்? அதற்காகத்தான் 74 இடங்களில் 'லாக்' என்னும் நீர்க்கதவுகளை அமைத்திருக்கிறார்கள். கல் சுவர் எழுப்பிய ஒரு பெரிய தொட்டி. முன்னும் பின்னும் மரக் கதவுகள். படகு உள்ளே வந்ததும் மேற்கதவை மூடிவிட்டுத் தண்ணீரைக் கீழே வடியவிடுவார்கள். தண்ணீரோடு படகும் மெள்ள இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்தால் படகு தன் வழியே போகும். லாக்கைக் கவனிக்கும் காவற்காரனுக்கு ஒரு சிறு வீடு உண்டு. இரவோ பகலோ, படகுக்காரன் ஊதுகுழல் ஊதினால் அவன் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும்.

படகுகளின் நீளம் 92 அடி. ஒரு படகு நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி சுமந்து செல்லும். படகோட்டியின் குடும்பமும் அதிலேயே வசிக்கும். ஓய்வெடுக்கும் கழுதைகளுக்குப் படகின் முன்புறத்திலேயே லாயம். கழுதைகளை ஓட்டிக்கொண்டு நடப்பது பெரும்பாலும் குழந்தைகளின் வேலை. நடக்கப் பழகும் சிசுக்கள் தண்ணீரில் விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டிப் படகோடு பிணைத்து வைப்பார்களாம். நாங்கள் உல்லாசமாக ஸைக்கிள் மிதித்த இந்தப் பாதையில், பத்து வயதுப் பிள்ளைகள் மழையிலும் வெயிலிலும் கழுதையின் பின்னால் நடந்திருக்கிறார்கள்!

குகைக்குள்ளே

முதல் நாள் 28 மைல் சென்று 'பாபா' என்னும் சிற்றூரின் அருகே தங்கினோம். அங்கே அதே பெயருள்ள மரங்கள் மிகுதி. நாங்கள் போனது செப்டம்பர் மாதமானபடியால் பழம் பழுத்து உதிர்ந்து கிடந்தது. ஒன்றை உரித்து வாயில் போட்டதும் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கொழகொழவென்ற சதையும் பெரிய விதைகளுமாக, நமது சீதாப்பழத்தின் ஒன்றுவிட்ட சகோதரனைப் போலிருந்தது. தாவர சாஸ்திரப்படி இரண்டும் ஒரே குடும்பந்தான்.

மறுநாள் காலையில் பாபா சுரங்கத்தினுள் புகுந்தோம். நதி இங்கே பாம்பைப் போல் வளைந்து வளைந்து செல்கிறது. அந்த வளைவுகளைத் தவிர்ப்பதற்காக ஒரு மலையையே குடைந்திருக்கிறார்கள். நீளம் 3,118 அடி. உட்புறத்துக்கு அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்கள் தேவைப்பட்டன. 1836-ல் ஆரம்பித்த வேலை 1850-ல்தான் முடிந்தது. உள்ளே விளக்கு இல்லை. ஸைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கைவிளக்கின் ஒளியில், கழுதைகளின் கயிறு உராய்ந்து தேய்ந்த மரக் கைப்பிடியைத் தடவியவாறே நடந்தோம். ஒரு சமயத்தில் ஒரு படகுதான் இதனுள் போகலாம். எதிரெதிராக வந்த இரண்டு படகுக்காரர்கள் விட்டுக்கொடுக்க மறுத்து நாட்கணக்கில் உள்ளேயே நின்றார்கள் என்றும், கடைசியில் அதிகாரிகள் புகை போட்டு அவர்களை விரட்டினார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. மனித சுபாவத்தை அறிந்தவர்கள் அதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

மலையைக் குடைந்தவர்களிலும் மண்ணை வெட்டியவர்களிலும் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். 1832-ல் காலரா நோய் அவர்களிடையே புகுந்து பலரைக் கொண்டு போயிற்று. கூலியும் வேலையும் நிச்சயமில்லாத நிலையில் 1834-ல் அவர்களுக்குள்ளேயே கலகம் மூண்டது. ஜனாதிபதி ஜாக்ஸன் பட்டாளத்தை அனுப்பினார். தொழிலாளர் தகராறு ஒன்றை அடக்க அமெரிக்க சர்க்கார் பட்டாளத்தை ஏவியது அதுவே முதல் தடவை. கால்வாயின் லாக் சுவர்களில் கற்களைச் செதுக்கியவர்கள் தங்கள் அடையாளக் குறிகளைப் பொறித்திருக்கிறார்கள். மண் சுமந்தவர்களுக்கு அப்படி ஓர் அடையாளமும் இல்லை.

நதிக்கரைக் காட்சிகள்

வில்லியம்ஸ்போர்ட்டில் கால்வாயானது ஓர் உபநதியைத் தொட்டிப் பாலத்தின் மீது தாண்டுகிறது. 1920-ல் ஒரு படகு மோதிப் பாலத்தின் பக்கச் சுவர் இடிந்து, படகும் ஆற்றில் விழுந்தது. அதைச் செப்பனிட்டு 2019-ல் மறுபடியும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மேலும் கீழே சென்றால் ஆன்டீட்டம் போர்க்களம் சமீபத்திலிருக்கிறது. 1862-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி, ஒரே நாளில், சுமார் 23,000 பேர் அங்கே மாண்டோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். இன்று அந்தப் பிரதேசத்தில் சோளக் கொல்லைகளும் மௌனமுந்தான்.

அடிமை முறையை ஒழிக்க 1859-ல் ஜான் பிரௌன் ஆயுதமேந்திய ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் இரண்டு நதிகள் சங்கமமாகின்றன. அதற்கப்பால், மொனாக்கஸி நதியின் மேல் ஏழு வளைவுகளுடன் நிற்கும் தொட்டிப் பாலத்தை உள்நாட்டு யுத்தத்தில் தகர்க்க முயன்றார்கள். கல் அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் கீழே, 'பெரிய அருவி' என்னுமிடத்தில் நதி ஒரு மைலுக்குள் 76 அடி இறங்கிக் கர்ஜிக்கிறது. பக்கத்திலேயே கால்வாயின் தண்ணீர் சலனமற்று நிற்க, கட்டைகளின் மேல் ஆமைகள் வரிசையாய் வெயில் காய்கின்றன.

நடந்து காத்த நீதிபதி

1924-ல் வந்த வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1938-ல் சர்க்கார் கால்வாயை விலைக்கு வாங்கினார்கள். கறுப்பின இளைஞர்களின் தொண்டர் படையொன்று வாஷிங்டனை அடுத்த சுமார் 22 மைல்களைச் செப்பனிட்டது. பிற்பாடு, இதன் மீது மோட்டார் ரஸ்தா போடலாமென்று யோசனை பிறந்தது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையும் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் டக்ளஸுக்கு இது பொறுக்கவில்லை. என்னோடு ஒரு தடவை முழுத் தூரமும் நடந்து பாருங்கள். பிறகு எழுதுங்கள் என்று பத்திரிகாசிரியருக்குப் பகிரங்கமாக அழைப்பு விடுத்தார். ஆசிரியர்கள் அழைப்பை ஏற்றார்கள். அவ்வருஷம் மார்ச்சு மாதம் கம்பர்லாந்திலிருந்து 58 பேர் வரையில் நடையில் கலந்துகொண்டார்கள். எட்டு நாள் கழித்து முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள், 55 வயதான நீதிபதி உள்பட, ஒன்பது பேர். பத்திரிகை தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது. ரஸ்தாத் திட்டம் மறைந்தது. 1971-ல் கால்வாய் முழுவதும் தேசிய சரித்திரப் பூங்காவாயிற்று.

நீதிமன்றத்தில் வாதித்திருந்தால் இந்த வழக்கு ஜயித்திருக்குமோ என்னவோ! எதிர்க்கட்சியைக் கால்நடையாக அழைத்துச் சென்று மரத்தையும் ஆற்றையும் கல்லையும் சாட்சி சொல்லச் செய்தார் அந்த நீதிபதி. அதுவே போதுமாயிருந்தது.

இன்னொரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். 2013-ல், கம்பர்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க் வரையில், பழைய ரயில் தண்டவாளங்கள் கிடந்த தடத்தில், 150 மைல் ஸைக்கிள் பாதை பூர்த்தியாயிற்று. படகு போய்ச் சேராத ஊருக்கு, 185 வருஷம் கழித்து, ஸைக்கிள் போய்ச் சேர்ந்துவிட்டது! அதுவும், ரயில் விட்டுப்போன தடத்தின் வழியாக.

இந்த யாத்திரை செய்ய விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பாதையோரத்தில் சில மைல்களுக்கு ஒன்றாக, கூடாரம் அடித்து இலவசமாய் ஓரிரவு தங்க இடமும் கைப்பம்பும் உண்டு. பழைய லாக் காவற்காரர் வீடுகள் சிலவற்றையும் வாடகைக்கு விடுகிறார்கள். ஐந்து நாள் போதும். ஏழு நாள் இருந்தால் இன்னும் நல்லது. வசந்த காலமும் இலையுதிர் காலமும் ஏற்ற பருவங்கள். முக்கியமாக, ஸைக்கிளை விட்டு அடிக்கடி இறங்குங்கள். நடந்து பார்த்தவர்களால் பிழைத்த பாதை அது. அதன் அழகும் நடக்கும் வேகத்திலேதான் கண்ணுக்குத் தென்படுகிறது.