பக்கத்து இருக்கையில் இருப்பவர்

தியானப் பகுதி: யோவான் 20:19–29



எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் லாரிகளைக் காணாத நாளில்லை. ஓட்டுநரை நாம் அறிவோம். அவர் அருகே அமர்ந்து, டயரில் காற்றுப் பார்த்து, தார்ப்பாயின் கயிற்றை இறுக்கி, நள்ளிரவில் அவர் கண்ணயராதபடி பேச்சுக் கொடுத்து வரும் கிளீனரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களிலும் அப்படி ஒருவர் இருந்தார். விமானியின் அருகிலிருந்து, நான்கு என்ஜின்களின் வெப்பத்தையும் எரிபொருளின் அளவையும் கவனித்துவந்த பறப்புப் பொறியாளர் அவர்.

நார்மன் ஜாக்சன் அத்தகைய பொறியாளர். தமக்குரிய பறப்புகளை முடித்துவிட்ட பின்னும், தம் குழுவினரை விட்டுப் பிரிய மனமின்றி, மீண்டும் ஒருமுறை அவர்களோடு புறப்பட்டார். 1944 ஏப்ரல் 26 இரவு, ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகருக்கு மேலே பகை விமானம் சுட்டதில் இறக்கையில் தீப்பற்றியது. ஏறத்தாழ 20,000 அடி உயரம். மணிக்கு 200 மைல் வேகம். ஜாக்சன் தீயணைப்பானை உடைக்குள் செருகிக்கொண்டு, மேற்புறத் திறப்பின் வழியாக வெளியேறி இறக்கையை நோக்கி ஊர்ந்தார். அதற்குள் அவருடைய பாராசூட் விரிந்துவிட்டது. உள்ளே இருந்த நண்பர்கள் அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டனர்.

தீயணைப்பான் கைநழுவிப் போயிற்று. தீ அணையவில்லை. முகமும் கைகளும் வெந்த நிலையில், எரியும் பாராசூட்டோடு அவர் கீழே விழுந்தார். கணுக்கால் முறிந்தது. கைகள் பயனற்றுப் போயின. விடிந்ததும் ஊர்ந்தே அருகிலிருந்த கிராமத்தை அடைந்து, சிறைக்கைதியானார். பத்து மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். குழுவினரில் நால்வர் உயிரோடு தரையிறங்கினர். விமானியும் பின்புறத் துப்பாக்கி வீரரும் மாண்டனர். 1945 அக்டோபரில் ஜாக்சனுக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது.

அதே 1944-இல், பிப்ரவரி 24 அன்று, இத்தாலியின் மிக்னானோவில் நம் தமிழர் ஒருவர் உயிர்நீத்தார். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். உடனிருந்தோர் பிழைக்கும்படி கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தினார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது.

போரை நான் புகழவில்லை. அந்த விமானம் சென்றது குண்டு வீசவே. கீழேயும் பிள்ளைகள் உறங்கினார்கள். ஆயினும் ஒரு காரியம் என்னைத் தொட்டது. ஜாக்சனின் முயற்சி தோல்வியுற்றது. இருந்தும் அவர் கனப்படுத்தப்பட்டார். பலனை அல்ல, மற்றவர்களுக்காக அவர் தம்மை ஒப்புக்கொடுத்ததையே அந்தப் பதக்கம் கண்டது.

நானோ அப்படிக் காணத் தவறியவன். நம் சபையின் ஆண்டு விழாவில், கூரைப் பணிக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் சால்வை அணிவித்தேன். சால்வைத் தட்டை ஏந்தி என் பக்கத்தில் நின்றவர், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் பெரியவர். தட்டு காலியானதும் அதை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். இரவில்தான் அவருடைய உள்ளங்கை என் நினைவுக்கு வந்தது. முன்பொரு கிறிஸ்துமஸ் இரவில் குடிலின் வைக்கோல் தீப்பற்றியபோது, பாடல் குழுப் பிள்ளைகள்மேல் படராதபடி வெறுங்கையால் அதை வாரி வெளியே எறிந்தவர் அவர்.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் அப்பவே ஆறிப்போச்சுங்க ஐயா,” என்றார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்தில், முழுவதும் விரியாத அந்தக் கையில் அப்பத்தை வைத்தபோது என் கை நடுங்கியது. உயிர்த்தெழுந்த ஆண்டவர், பூட்டியிருந்த அறையில் சீஷர்களுக்கு எதைக் காட்டினார்? கிரீடத்தை அல்ல, காயப்பட்ட தம் கைகளையும் விலாவையும். மகிமையின் சரீரத்திலும் அந்தத் தழும்புகளை அவர் மறைக்கவில்லை. அவரே தழும்புள்ள கைகளை அறிந்தவர்; நம் பட்டியலில் விடுபட்டவர்கள் அவருடைய பட்டியலில் விடுபடுவதில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டிலும் தொழிலிலும் பக்கத்து இருக்கையில் இருப்பவரைத் திரும்பிப் பாருங்கள். அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள். நாளை என்று தள்ளிப்போடாதிருங்கள்.

ஜெபம்: காயப்பட்ட கரங்களின் ஆண்டவரே, நாங்கள் காணத் தவறியவர்களைக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.