உள்ளே துணி விட்டுத் தைங்க

கடையில் சேலையை விரித்துப் போட்டதும் அம்மா முகப்பைப் பார்க்க மாட்டாள். ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பிறகு கட்டைவிரலால் ஏதாவது ஒரு புள்ளியைத் தடவுவாள். "அச்சு" என்பாள். அவ்வளவுதான். கடைக்காரர் "ஒரிஜினல் சுங்குடிம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

அவளுக்குத் தெரியும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சின்னாளபட்டி. அதற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள். நான் பத்தாவது முடிக்கும்வரை அம்மா திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டாள். வெள்ளைத் துணியில் புள்ளி குறித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி, அடியில் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். நூல் இறுகிய இடத்தில் சாயம் ஏறாது. சாயம் போட்டுக் காய்ந்தபின் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். நூல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம், அதன் நடுவே ஒரு சாயப் பொட்டு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் இப்படி. கூலி முடிச்சுக் கணக்கில்தான். அம்மாவின் ஆள்காட்டி விரலின் ஓரத்தில் நூல் அறுத்த தழும்பு இன்றும் இருக்கிறது. சோறு பிசைந்தால் எரிகிறது என்று அந்த நாட்களில் கரண்டியால் சாப்பிடுவாள். அதைப் பார்த்து, எங்கள் அம்மா நாகரிகமானவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டிச் சாயம் போட்ட புள்ளி ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. தடவினால் மேடு தட்டும். துணியின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். அச்சுப் போட்ட புள்ளி தட்டையாக இருக்கும், உள்பக்கம் வெளிறியிருக்கும். மெழுகு வைத்து எடுத்தது என்றால், மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் புகுந்து மயிரிழை மாதிரிக் கோடுகள் ஓடியிருக்கும். இன்று சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சும் மெழுகும்தான். அதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிலும் ஒருவருடைய கை இருக்கிறது, விலையும் நமக்குக் கட்டுகிறது. அச்சை முடிச்சு என்று சொல்லி விற்பதுதான் பிடிக்கவில்லை. 2005இல் 'மதுரை சுங்குடி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரில் சிலருக்கு வருத்தம். 1985 வரை நாங்களும் மதுரை மாவட்டம்தானே என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

அத்தனை சேலைக்கு முடிச்சுப் போட்டவள் சுங்குடி கட்டி நான் பார்த்ததில்லை. வீட்டில் நைலக்ஸ். இல்லாவிட்டால் பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த இலவசச் சேலை. விசேஷத்துக்கு ஒரே ஒரு சின்னாளப்பட்டு. காஞ்சிபுரம் எடுக்க முடியாத வீடுகளுக்கு எங்கள் ஊர் செயற்கை இழையில் நெய்து கொடுத்த பட்டு அது. மினுமினுப்பு ஒன்றும் குறைவில்லை, வேர்வைதான் ஊற்றும்.

நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது, முடிச்சுக் கூலிக்குப் பதிலாக ஒரு சுங்குடித் துண்டைக் கேட்டு வாங்கிவந்து எனக்குச் சுடிதார் தைக்கக் கொடுத்தாள். ஊதா நிறம். இரண்டு தடவை போட்டிருப்பேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற பெண்கள் எல்லாம் ஜிகினா வைத்த சிந்தெடிக் போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் பாட்டிமார் துணி. பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன். அம்மா கேட்கவில்லை. எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. அந்த ஊதாவை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

உடை என்பது உன் விருப்பம், உன் ஆளுமை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் முகூர்த்தப் பட்டு எடுக்கப்பட்டபோது நான் அந்தக் கடையில்தான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டிய சேலை. பதினோரு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். "பொண்ணு மாநிறம், இந்தக் கலர் எடுக்காது" என்று ஒருவர் சொல்ல, "கொஞ்சம் லைட்டா காட்டுப்பா" என்றார் இன்னொருவர். சேலையை என் தோளில் போட்டுப் பார்த்தார்கள், என்னைக் கேட்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது கரும்பச்சை. கட்டியது ரோஸ். அதற்குப் பிறகு சொந்தச் சம்பளத்தில் துணி எடுக்கத் தொடங்கிய முதல் சில வருடங்களில் நான் எடுத்ததெல்லாம் அந்தப் பதினோரு பேருக்குப் பதில் சொல்ல எடுத்தவை என்றே இப்போது தோன்றுகிறது. விலை அதிகம், பளபளப்பு அதிகம், மூன்று சலவை தாங்காது.

அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது சித்தி மகள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், நான் பெருமையாக எடுத்துக்காட்டிய குர்தாவை வாங்கியதும் சடாரென்று உள்வெளியாகத் திருப்பினாள். அம்மா செய்வது அப்படியே.

"என்னக்கா, ஆயிரத்து எண்ணூறா? சைடுல ஒத்தத் தையல்தான் போட்டிருக்கு. அக்குள்ல இழுத்துப் பாருங்க, பல்லக் காட்டும்."

இழுத்தேன். காட்டியது.

ஓவர்லாக் விளிம்பில் நூல் தொங்கினால் வாங்காதே. கட்டம் போட்ட துணியில் இரு பக்கக் கட்டமும் தையலில் நேராகச் சந்திக்கிறதா பார். பொத்தான் ஓட்டையைச் சுற்றி நூல் நெருக்கமாக இருக்க வேண்டும். கீழ்மடிப்பு அரை விரல்கூட இல்லாவிட்டால் துணியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அரை மணி நேரத்தில் அவள் சொன்னவைதான் இன்றுவரை எனக்குப் பாடம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சட்டைகளைப் புரட்டுகிறவள். அவள் பார்த்துத் தள்ளுகிற சட்டை வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டேன். "அந்த அட்டையில வேற காசுல போட்டிருப்பாங்கக்கா, நான் கணக்குப் போட்டுப் பாக்குறதில்ல" என்றாள். அவள் அன்று உடுத்தியிருந்தது தெருவில் குவித்துப் போட்டு விற்ற டாப்ஸ்.

அவளிடம் துணியைப் பற்றிக் கேட்ட நான், வேலையைப் பற்றிக் கேட்க நெடுநாள் ஆனது. 2021 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில், ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலையொன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர்மீது வழக்குப் பதிவானது. அதன்பின் அந்த ஆலையின் பெண்கள் பலர் தங்களுக்கு நடந்த பாலியல் தொல்லைகளை வெளியே சொன்னார்கள். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் கட்டுப்பட ஒப்புக்கொண்டது. ஆலைத் தளத்திலேயே தொழிலாளிகள் கண்காணிப்பாளர்களாக இருந்து புகார் எடுக்க அது வழி செய்தது. உலகம் முழுவதும் அதை 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்கிறார்கள். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊருக்கு இப்படியும் ஒரு பேர்.

சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். "தெரியும்க்கா. எங்க கம்பெனிக்கு அதெல்லாம் வரல" என்றாள். அவளுடைய சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்டேன். பேச்சை மாற்றினாள். தையலின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டத் தெரிந்தவள் இதை மட்டும் திருப்பவில்லை. நான் அதற்குமேல் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் ஆயத்த உடை அதிகம் எடுப்பதில்லை. துணி எடுத்து, எங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடம் கொடுக்கிறேன். முதலில் பாக்கெட் கேட்டபோது சிரித்தார். "பொம்பளைக்கு எதுக்கு பாக்கெட்டு, இடுப்பு எடுப்பாத் தெரியாதே" என்றார். என் பாட்டிக்குச் சுருக்குப்பை, அம்மாவுக்கு இடுப்பு மடிப்பு, எனக்குக் கைப்பை. என் கணவருக்கு மட்டும் சட்டையில் ஒன்று, பேண்டில் நான்கு. இரண்டு பக்கமும் வைத்துக் கொடுங்கள் என்றேன். போன வாரம் போனபோது அவர் தன் சுடிதாருக்கும் ஒரு பாக்கெட் வைத்துக்கொண்டிருந்தார், கத்தரிக்கோல் போட்டுக்கொள்ள. அவரிடம் போகும் எல்லாப் பெண்களும் அளவு ஜாக்கெட்டை நீட்டும்போது தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "உள்ளே துணி விட்டுத் தைங்க." பிள்ளை பெற்றாலும், தைராய்டு வந்தாலும், வயதானாலும் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். கடைகளில் விற்கும் ரெடிமேட் ஜாக்கெட்டில் அந்தத் துணி பெரும்பாலும் இருக்காது. உடம்பு மாறும் என்று தெரிந்தவர்கள் தைத்த துணி எது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடமே அத்தை வந்து, இனிமேல் பளிச்சென்று கட்டாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவும் சாம்பல், பழுப்பு, வெளிர்நீலம் என்று ஒதுங்கிவிட்டாள். சின்னாளபட்டிக்குச் சாலையைத் தாண்டினால் காந்திகிராமம். 1947இல் அதைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். டாக்டருக்குப் படித்து, 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். அந்த அம்மா நடந்த மண்ணுக்கு எதிர்ப்புறத்தில், எண்பது வருடம் கழித்து, என் அம்மா சிவப்புக் கட்டக்கூடாது.

சென்ற ஆவணியில் சின்னாளபட்டிக்கு அவளை அழைத்துப் போனேன். எனக்கு எடுக்க என்றுதான் சொன்னேன். நான்காவது கடையில் ஓர் அரக்குச் சேலையைத் திருப்பினாள். கட்டைவிரல் நின்றது. "கட்டு" என்றாள். விலை, அச்சுச் சேலையைப்போல் நான்கு மடங்கு. அம்மா உதட்டை அசைத்து ஏதோ எண்ணினாள். முடிச்சை எண்ணுகிறாள் என்று புரிய நேரமானது.

"இதுல கட்டுனவளுக்கு எவ்வளவு போவும்?" என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மின்விசிறியைக் கூட்டினார்.

"உனக்குப் பிடிச்சிருக்காம்மா?"

"எனக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஊதா இருக்கான்னு கேளு" என்றாள். அது என்னை நினைத்துச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. ஊதா இல்லை. அரக்கையே எடுத்தோம்.

கல்யாணம் காட்சிக்கு அவள் அதை இன்னும் கட்டவில்லை. ரேஷன் கடைக்குக் கட்டிக்கொண்டு போனாள், ஒரு தடவை பேங்குக்கு. துவைத்துக் காய்ந்ததை மடிக்கும்போது நான் தேய்ப்புப் பெட்டியை எடுத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"வேணான்டி, முடிச்சு படுத்துரும்."