தலைக்கு வந்தது

கையில் அடிபட்டால் வலிக்கிறது என்று தலை சொல்கிறது. காலில் அடிபட்டாலும் தலைதான் சொல்கிறது. தலையிலேயே அடிபட்டால் யார் சொல்வது? வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டைச் சில காலமாக ஆட்டிவைத்துக்கொண்டிருக்கிறது. எங்கேயோ நடக்கும் சங்கதி என்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், பொங்கலை ஒட்டி, பனி தலையில் இறங்கும் வரையில் உட்கார்ந்து கபடி பார்க்கிறவன் நான்.

அமெரிக்கர்கள் தங்கள் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அதில் காலுக்கு வேலை குறைச்சல். நீளுருண்டைப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிர்க்கட்சியார் மோதித் தள்ள வேண்டும். இந்த மோதலில் மாணவர்கள் பலர் மாண்டுபோகவே, 1905-ம் ஆண்டில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு வருஷம் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று ஆயிற்று. விதி மாறியதால் ஆட்டம் அழிந்துவிடவில்லை. முன்னைவிடச் செழித்தது.

பிற்பாடு கெட்டியான தலைக்கவசமும் வந்தது. மண்டை ஓடு உடையாமல் அது காத்தது வாஸ்தவம். ஆனால் நன்றாகக் காய்ந்த தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். ஓட்டில் ஒரு கீறல் இராது. உள்ளே கொப்பரை மட்டும் 'கடக் கடக்' என்று இடித்துக்கொள்ளும். கவசத்துக்குள் இருக்கும் மூளையின் கதியும் ஏறக்குறைய அதுதான்.

மைக் வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் 2002-ல் தம் ஐம்பதாவது வயதில் நிலை குலைந்து இறந்தார். பென்னட் ஒமாலு என்ற நைஜீரியாவில் பிறந்த வைத்தியர் அவர் மூளையைச் சோதித்து, ஓயாமல் அடிபட்டதனால் வரும் சிதைவைக் கண்டார். குத்துச்சண்டைக்காரர்களுக்கு இப்படி ஒரு கோளாறு உண்டு என்று மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதியிருந்தார். 2017-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தொழில்முறையில் ஆடி மறைந்த 111 பேருடைய மூளைகளில் 110-ல் அந்தச் சிதைவு இருந்தது. சந்தேகம் கொண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுக்க முன்வந்திருக்கும். ஆகையால் ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் இதே கதி என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் ஒரு தாய் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய கணக்கல்ல அது.

இப்போது அந்த ஊரில் பல பெற்றோர் பிள்ளைகளை ஆட விடத் தயங்குகிறார்கள். மோதலே இல்லாமல், இடுப்பில் தொங்கும் துணியை உருவினால் போதும் என்று ஒரு ஆட்டமும் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குத் தேர்வாகியிருப்பது அதுதான். பழைய ஆட்டம் என்ன ஆகும் என்று இன்று ஜோசியம் சொல்ல யாராலும் முடியாது.

நம் கபடியில் இத்தனை மோதல் கிடையாது, கவசமும் கிடையாது. பாடி வருகிறவனுடைய கணுக்காலை மூலையில் நிற்கிறவன் பாய்ந்து பிடிப்பான். பிடிக்கிறவன் தலையும் பிடிபட்டவன் முழங்காலும் அப்போது ஒரே உயரத்தில் இருக்கும். போன வருஷம் அப்படித்தான் ஒரு பையனுக்கு முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒருவர் விரலைக் காட்டி, "இது எத்தினிடா?" என்று கேட்டார். அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லண்ணா, ஆடறேன்" என்றான். கைதட்டல் கூரையைப் பிளந்தது என்று எழுதலாம்; மைதானத்துக்குக் கூரை இல்லை.

இரண்டு பாட்டுக்குப் பிறகு அவன் எதிர்க்கட்சியின் பக்கம் போய் நின்றுகொண்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெண்கள் பக்கத்தில் அவன் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை டீக்கடையில் அவன் என்னிடம், "நேத்து யாரு சார் ஜெயிச்சது?" என்று கேட்டான். கடைசி ஊதல் வரையில் களத்தில் நின்றவன் அவன்! ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஒவ்வொரு தடவையும் தலைப்பாகை அகப்படுமா? முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால், அதுவும் இளவயதில், உயிருக்கே ஆபத்து என்கிறார்கள் வைத்தியர்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் போதும் என்பது அவர்கள் விதி. ஆனால் அந்தப் பையன் எப்படி ஒப்புக்கொள்வான்? கபடியில் பெயரெடுத்தால் போலீசிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை கிடைக்கும் என்பது அவன் கனவு. அவன் உட்கார்ந்தால் அந்த இடத்தில் இன்னொருவன் நிற்பான்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதித்தார்கள், தேறினார், அன்றே மறுபடி ஆட வந்தார். மறுநாள்தான் தலைவலியும் மயக்கமும் தெரிந்தன. அந்த வருஷம் வந்திருந்த புது விதிப்படி லபுஷேன் அவருக்குப் பதிலாக ஆடினார். பேரும் புகழும் பெற்றவருடைய தலையே முதல் நாள் உண்மை சொல்லவில்லை என்றால், கிராமத்துப் பையனைக் கேட்டு என்ன பயன்?

அடிபட்டவனைக் கேட்கக்கூடாது. ஜெயிக்க நினைக்கும் அவன் கட்சித் தலைவனையும், காசு கொடுத்த பிரமுகரையும், கைதட்டும் கூட்டத்தையும் கேட்கக்கூடாது. இதில் லாப நஷ்டம் இல்லாத ஒருவர் சொல்ல வேண்டும்.

இந்த நியாயம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சபைக்கு ஆள் எடுக்கும் முறையை ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் வெட்டிவைத்தார்கள். கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவினருக்கும் அதில் இடமில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுப்பதற்கோ, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனை நிறுத்தினார்கள். விருப்பு உள்ளவன் கையில் முடிவு இருக்கலாகாது என்பதை அவர்கள் கல்லில் எழுதினார்கள்.

நாம் காகிதத்தில் எழுதினால் போதும். கபடிப் போட்டி நோட்டீஸ்களில் அடியில் நிபந்தனைகள் போடுவது வழக்கம். நடுவர் தீர்ப்பே இறுதியானது என்பார்கள். காயங்களுக்கு விழாக்குழு பொறுப்பல்ல என்பார்கள். மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லி இந்த வருஷம் பையன்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'தலையில் அடிபட்டவர் அன்றிரவு மீண்டும் ஆட அனுமதி இல்லை, அவர் சம்மதம் கேட்கப்படமாட்டாது.'

அச்சுக்கூலி அதிகமாகும் என்று யோசிக்கிறார்கள். அந்த ஒரு வரிக்கான காசை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.