கடலுக்கடியில் ஒரு பேட்டரிப் பயணம்!

நார்வேயின் தென்மேற்கு மூலையில் ஸ்டவாங்கர் என்று ஓர் ஊர். மழை பெய்யும்; நிற்கும்; ஞாபகம் வந்தாற்போல் மறுபடி பெய்யும். துறைமுகத்தை ஒட்டிப் பழைய வெள்ளை மர வீடுகள், பூந்தொட்டிகள். ஒரு காலத்தில் சார்டின் மீனை டப்பாவில் அடைத்துப் பிழைத்த ஊர். 1969-ல் வட கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் யோகம்தான்! இன்று நாட்டின் எண்ணெய்த் தலைநகரம். எண்ணெய்க்கென்றே ஒரு மியூஸியம் கூட உண்டு.

அப்பேர்ப்பட்ட ஊரில் தெருவோரம் நின்று பார்த்தால், கார்கள் சத்தமே போடாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன. நம்பர் பிளேட் ஈஎல், ஈகே, ஈவி என்று தொடங்கினால் மின்சாரக் கார். எண்ண ஆரம்பித்து, விரல் போதாமல் விட்டுவிட்டேன். 2024 செப்டம்பரில் நார்வேயில் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரம். எண்ணெயை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டு, வீட்டுக்கு மட்டும் பேட்டரி! அல்வாக் கடை முதலாளி சர்க்கரையில்லாத காபி குடிக்கிற கதைதான்.

பத்து நாள் போயிருந்தேன். ஆபீஸ் கொடுத்த வேலை ஒன்று. சென்னையில் எங்கள் அபார்ட்மென்ட் சங்கம் கொடுத்த வேலை இன்னொன்று.

இரண்டாவதுதான் கஷ்டமானது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மின்சாரக் காரை அனுமதிக்கலாமா என்று மூன்று மாதமாகச் சண்டை. மூன்றாம் மாடிப் பையன் ஏழு வருஷ லோனில் ஒன்று வாங்கிவிட்டான். முடிவு தெரியும்வரை தெருமுனையில் நிறுத்து என்றார்கள். ராத்திரியில் ரெண்டு தடவை எழுந்து போய், கார் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறான். எதிர்க்கட்சித் தலைவி தரைத்தளத்து அம்மாள். அவர் படுக்கையறைக்கு நேர் கீழே பார்க்கிங். சொந்த ஊர் வேலூர். 2022 மார்ச்சில் அங்கே ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் பற்றிக்கொண்டு, தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்த அம்மாளின் பயத்தை யார் கேலி செய்ய முடியும்?

"நீங்கதான் அந்த ஊருக்கே போறீங்களே... விசாரிச்சிட்டு வாங்க சார்!" என்றார் செக்ரட்டரி. டி.ஏ., டி.டி. எதுவும் தரவில்லை.

நான் தங்கிய வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். 1980-களில் வந்து, வடக்கே மீன் ஆலையில் ஆரம்பித்து, இப்போது பஸ் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை, "ப்ரைகஸ்தூலன் பாக்காமல் போனா ஸ்டவாங்கர் வந்ததெண்டே சொல்லக் கூடாது தம்பி" என்று தன் மின்சாரக் காரைக் கிளப்பினார். ஆனால் வண்டி போனது எதிர்த்திசையில், ஸோலா விமான நிலையத்துக்கு!

"நெருப்பைப் பற்றிக் கேட்டனீங்கள் அல்லோ? அப்ப முதல்ல இதைப் பாருங்கோ" என்று கார் நிறுத்தும் கட்டடத்தைக் காட்டினார். "எரிஞ்சது இஞ்சதான். 2020 ஜனவரி ஏழாந்திகதி, பின்னேரம்."

அன்றைக்கு ஒரு காரில் பிடித்த தீ, பக்கத்துக் கார், அதற்குப் பக்கத்துக் கார் என்று தாவி, நூற்றுக்கணக்கான கார்களைத் தின்று தீர்த்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. விமானங்கள் நின்றன. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் இல்லை.

"மின்சாரக் காரா அண்ணா?"

"சனமும் அப்பிடித்தான் கதைச்சது. ஆனா தொடங்கினது ஒரு பழைய டீசல் கார்!"

பிறகு ரைஸ் என்கிற தீ ஆராய்ச்சி நிறுவனம் இந்த விபத்தை அலசி அறிக்கை கொடுத்தது. உள்ளே மின்சாரக் கார்களும் நின்றிருந்தன. ஆனால் அவற்றால்தான் தீ பெரிதானது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றது.

இதே கதை 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத்திலும் நடந்தது. 1,400-க்கும் மேற்பட்ட கார்கள் சாம்பல். ஊரெல்லாம் 'பேட்டரி கார்' என்று பேச்சு. அங்கேயும் முதலில் எரிந்தது டீசல் கார். பூனை குடித்த பாலுக்குப் பக்கத்து வீட்டு நாயை அடிப்பது உலகம் முழுக்க வழக்கம் போலிருக்கிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பக்கத்து நாடான ஸ்வீடனில் பேரிடர் தடுப்புத் துறை எண்ணி வைத்திருக்கிறது. 2022-ல் அங்கே மின்சாரக் கார், ஹைப்ரிட் எல்லாம் சேர்த்து சுமார் 6 லட்சத்து 11 ஆயிரம். எரிந்தவை 23. பெட்ரோல், டீசல் கார்கள் சுமார் 44 லட்சம். எரிந்தவை சுமார் 3,400. அதாவது லட்சத்துக்கு 4 எங்கே, 77 எங்கே! மின்சாரக் கார்கள் பெரும்பாலும் புதுசு, பெட்ரோல் கார்களில் கிழடுகள் அதிகம் என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். இன்னொன்று: அதே ஆண்டு அங்கே மின்சார ஸ்கூட்டர்களில் தீப்பிடித்த சம்பவங்கள் 38. கார்களை விட அதிகம். வேலூரில் எரிந்ததும் ஸ்கூட்டர்தான், கார் அல்ல.

ஹைப்ரிட்? அதில் பெட்ரோல் டேங்கும் உண்டு, பேட்டரியும் உண்டு. ரெண்டு மாமியார் உள்ள வீடு மாதிரி. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தகராறு வரலாம். ரெண்டு பக்கமும் கவனிக்க வேண்டும்.

கார் திரும்பி, ஊரைத் தாண்டி, ரிஃபில்கே சுரங்கத்துக்குள் நுழைந்தது. 2019 டிசம்பர் கடைசியில் திறந்தது. நீளம் 14 கிலோமீட்டருக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து 292 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. தலைக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் கடல், என் சீட்டுக்கு அடியில் பேட்டரி. காது அடைத்தது. குலதெய்வத்தின் பெயர் தானாக வாயில் வந்தது.

"பயமோ?" என்று சிரித்தார். "மீட்டரைப் பாருங்கோ."

பேட்டரி சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது! இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்தபடியே சார்ஜ் ஏற்றுகிறது. பிரேக் கொதிக்க வேலையில்லை. நார்வே சுரங்கங்களில் அடிக்கடி எரிவது கனரக லாரிகள்தான். செங்குத்தாக இறங்கி ஏறும்போது பிரேக்கும் இன்ஜினும் காய்ந்துபோவதால், கடலடிச் சுரங்கங்களில் தீ அதிகம் என்கின்றன இவர்களுடைய ஆய்வுகள். 2013-ல் குட்வாங்கா சுரங்கத்தில் நடந்த பெரிய தீயும் ஒரு லாரியில் பிடித்ததே.

"அப்ப பேட்டரிக்கு ஆபத்தே இல்லையா அண்ணா?"

"ஆர் சொன்னது? எரியிறது குறைவு. எரிஞ்சால் லேசில அணையாது."

உண்மைதான். பேட்டரிக்குள் ஆயிரக்கணக்கில் கூட சின்னச் சின்ன செல்கள் இருக்கும். ஒன்று அடிபட்டோ, தயாரிப்புக் கோளாறாலோ சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடாக்கும். அது அடுத்ததை. வெளியில் தீயை அணைத்தாலும் உள்ளே கோபம் அடங்காது. சில மணி நேரம் கழித்துக்கூட மறுபடி பற்றும். விஷப் புகை வேறு. டெஸ்லா நிறுவனம் தீயணைப்பு வீரர்களுக்குக் கொடுத்த கையேடு ஒன்றில், பேட்டரியைக் குளிர்விக்க 11,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவைப்படலாம் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு தண்ணி லாரி! பெட்ரோல் கார் வேறு ஜாதி. கசிந்த பெட்ரோல் சூடான பாகத்தில் பட்டால் நிமிஷத்தில் குப்பென்று முடிந்துவிடும்.

இந்தப் பயம் நார்வேக்காரர்களையும் விடவில்லை. 2023 ஜனவரியில் ஹவிலா என்கிற கப்பல் கம்பெனி, மின்சாரக் கார், ஹைப்ரிட் எதையும் ஏற்றமாட்டோம் என்று அறிவித்தது. நடுக்கடலில் அணைப்பது கஷ்டம் என்று காரணம் சொன்னது. நியாயம். ஆனால் அந்தக் கப்பல்களே நாலு மணி நேரம் பேட்டரியில் ஓடக்கூடியவை!

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. காரை விட்டுவிட்டு ரெண்டு மணி நேரம் பாறை மேல் ஏறினோம். ப்ரைகஸ்தூலன் என்பது மேஜை மாதிரி தட்டையான பாறை. விளிம்பிலிருந்து 604 மீட்டர் கீழே கடல் கால்வாய். கைப்பிடிக் கம்பி கிடையாது. ஒரு பெண் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பழகிவிட்டால் பாதாளம்கூடத் திண்ணைதான். பெட்ரோலும் அப்படித்தான். மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியை விடுகிற சமாசாரம். நாற்பது லிட்டரைச் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு குழந்தையை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுகிறோம்!

பாறை மேல் உட்கார்ந்து தெர்மாஸ் காபியைக் குடித்தபோது, அண்ணா ஒரு விஷயம் சொன்னார். "ஸோலாவில கட்டடத்துக்க ஸ்ப்ரிங்க்ளர் இருக்கேல்ல தம்பி. இருந்திருந்தா கதை வேற."

லூட்டனிலும் இல்லை. 2024 ஆகஸ்ட் 1 அன்று தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் எரிந்தது நிஜமாகவே மின்சாரக் கார். சார்ஜ்கூடப் போடவில்லை, சும்மா நின்றிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் சேதம். அங்கே ஸ்ப்ரிங்க்ளர் இருந்தது. அலாரம் அடித்ததும் ஊழியர் ஒருவர் அதை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார்! ஸ்ப்ரிங்க்ளர் பேட்டரித் தீயை அணைத்துவிடாது. ஆனால் பக்கத்துக் காருக்குப் பரவாமல் தீயணைப்பு வண்டி வரும்வரை தாக்குப்பிடிக்கும். மூன்று ஊர், டீசல் ரெண்டு, பேட்டரி ஒன்று. மூன்றிலும் இல்லாமல் போனது தண்ணீர்!

திரும்பி வந்து சங்கத்தில் இதைத்தான் சொன்னேன். காரை விரட்ட வேண்டாம். சார்ஜருக்கு எலெக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுங்கள்; ஜங்ஷன் பாக்ஸில் வயர் நீட்டி சார்ஜ் போட்டால் அபராதம் போடுங்கள். டிசம்பர் மழையில் முழுகின காரை மெக்கானிக் பார்க்காமல் சார்ஜ் போடக் கூடாது. அமெரிக்காவில் 2022 புயலுக்குப் பிறகு உப்புத் தண்ணீரில் ஊறின கார்கள் சில நாள் கழித்துக்கூட எரிந்தன. ஸ்கூட்டர் பேட்டரியைப் படுக்கையறையிலும் வாசற்படியிலும் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பேஸ்மென்டில் ஓடுகிற அந்தச் சிவப்புக் குழாயைத் திறந்து பாருங்கள்.

தரைத்தளத்து அம்மாள் எழுந்து, "தண்ணி வந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

மொத்தக் கூட்டமும் கீழே இறங்கியது. செக்ரட்டரி வால்வைத் திருகினார். புஸ்ஸென்று சத்தம். கொஞ்சம் துரு. அப்புறம் ஒரு கரப்பான்பூச்சி. தண்ணீர் வரவில்லை.

பம்ப் ரிப்பேருக்குப் பணம் வசூல் நடக்கிறது. அதுவரை பேட்டரி கார் தெருமுனையில்தான் நிற்கவேண்டும் என்று தீர்மானம்.

எங்கள் பெட்ரோல், டீசல் கார்கள் பதினெட்டும் அந்த அம்மாளின் படுக்கையறைக்குக் கீழே, அதே காய்ந்த குழாய்க்கடியில், வழக்கம்போல் நிற்கின்றன. அதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை.