சொன்னதும் கேட்டதும்

மன்னாரிலிருந்து சிலாவத்துறை வழியாகத் தெற்கே போகும் பஸ், கொண்டச்சியைத் தாண்டியதும் ஒரு பக்கம் கடல் வாடையும் மறுபக்கம் காட்டு வாடையுமாக ஓடும். கரடிக்குழி, பாலைக்குழி என்று ஊர்கள் வந்து கழிந்தபின், மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் ஓரமாக மறிச்சுக்கட்டி வரும். என் உம்மாவின் ஊர். ஷஃபான் மாத விடுமுறையில் மூன்று நாள் அங்கே தங்கிவரப் போனபோது, ராத்தாவின் மகனும் என்னோடு வந்தான். அவன் கையில் உடுப்புப் பையைவிடப் பெரிதாக ஒரு பெட்டி. அதற்குள் வானொலிக் கருவி, பற்றரி, சுருட்டிய செம்புக் கம்பி.

மருமகன் ஒரு ஹாம் வானொலிக்காரன். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தவன். இவர்கள் சம்பளத்துக்காகப் பேசுபவர்கள் அல்லர். தம் சொந்தக் கருவியால் உலகின் எந்த மூலையில் இருக்கும் இன்னொருவரையும் எட்டிப் பிடிப்பதுதான் இவர்களின் ஆசை. நமது வீட்டுப் பெண்கள் சிலர் இதைப் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்வதுண்டு. நானும் செய்தவன்தான்.

அவனிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டு, இடப்புறம் ‘சொன்னது’ என்றும் வலப்புறம் ‘நடந்தது’ என்றும் எழுதியிருந்தான். எந்த மணிக்கு எந்த அலைவரிசையில் எந்த நாடு கேட்கும் என்று கணினி எதிர்வு கூறியதை முதலில் எழுதுவான். உண்மையில் யார் கிடைத்தார் என்பதைப் பிறகு எதிரில் எழுதுவான்.

இந்தக் கரைக்கு அது புதிய வேலையல்ல. நூறு வருடங்களுக்கு முன் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு முகாம் இருந்தது. அரபு நாட்டுச் சுழியோடிகளும் கீழக்கரை முஸ்லிம்களும் வந்து குவிந்த இடம் இது. அதிகாரிகள் முன்கூட்டியே கடலடியைப் பரிசோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிட்டு, இந்த வருடம் இவ்வளவு தேறும் என்று அறிவிப்பார்கள். 1905இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அந்த விளைச்சலை நம்பி ஒரு கம்பெனி 1906இல் பாரை முழுவதையும் 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லாமற் போய், கம்பெனியே கலைந்தது.

முதல் நாள் லுஹருக்குப் பிறகு, இரண்டு பாலை மரங்களுக்கு நடுவில் கம்பியைக் கட்டினோம். வளைகுடா நாடுகள் அஸரிலிருந்து மஃரிப் வரை 21 மெகாஹேர்ட்ஸில் நன்றாகக் கேட்கும் என்று கொப்பி சொன்னது. அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தோம். இரைச்சல் மட்டுமே. அரை மணி நேரம் கழித்து ஓமானிலிருந்து ஒருவர் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல வந்தார். இடையில் 2,800 கிலோமீட்டர் இருக்கும். ஸலாம் சொன்னோம், பதில் ஸலாம் வந்தது. இரண்டு நிமிடம்தான். மருமகனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்கு ஆச்சரியம் வேறொன்றில். அதே நேரம் கொழும்பில் இருக்கும் அவனுடைய கூட்டாளியைக் கைத்தொலைபேசியில் அழைத்து, அதே அலைவரிசையில் பேசச் சொன்னான். ஓமான்காரர் அவருக்கும் கேட்கிறார். ஆனால் 200 கிலோமீட்டருக்குள் இருக்கும் கொழும்பு எங்களுக்குக் கேட்கவேயில்லை. கருவியை 7 மெகாஹேர்ட்ஸுக்கு இறக்கியதும் கொழும்பு வந்துவிட்டது.

இதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. பூமிக்கு மேலே 100 கிலோமீட்டர் தொடக்கம் 400 கிலோமீட்டர் வரை, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படைகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். வானொலி அலை அவற்றில் பட்டு வளைந்து கீழே இறங்குகிறது. அலைவரிசை உயர உயர, சாய்வாகப் போகும் அலை மட்டுமே வளையும். நிமிர்ந்து போவது படையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். எனவே தூரத்து ஊருக்குக் கேட்கும், பக்கத்து ஊருக்குக் கேட்காது. இந்தப் படைகளுக்கும் கீழே இன்னொரு படை பகலில் தோன்றி, குறைந்த அலைவரிசைகளை விழுங்குகிறது. மஃரிபுக்குப் பின் அது கரைந்துவிடும். இரவில் திருச்சி வானொலி தூர ஊர்களுக்கெல்லாம் தெளிவாகக் கேட்டதும், பகலில் மங்கியதும் இதனால்தான். நம்மில் வயதானவர்கள் காரணம் தெரியாமலே அனுபவித்த விஷயம் இது.

எதிர்வு கூறுகிறவர்கள் சூரியனில் உள்ள கரும்புள்ளிகளை எண்ணுகிறார்கள். அவை ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒருமுறை பெருகிக் குறையும். பெருகும்போது உயர்ந்த அலைவரிசைகள் நன்றாகத் திறக்கும். தற்போதைய சுற்றின் உச்சம் 2025 ஜூலையளவில் வரும், புள்ளி எண் 115 அளவில் இருக்கும் என்று நிபுணர் குழு 2019இல் கணித்தது. வந்ததோ 2024 ஒக்டோபரில், 160ஐத் தாண்டி. பெரிய பெரிய விஞ்ஞானிகளின் கொப்பியிலும் இரண்டு பத்திகள் ஒத்துப்போவதில்லை என்பதைக் கண்டு மருமகன் சற்று ஆறுதலடைந்தான்.

‘அமெரிக்காவின் குரல்’ வானொலிக்காக எழுதப்பட்ட ஒரு கணினிக் கணக்கைத்தான் அவன் பயன்படுத்துகிறான். அது 70 வீதம் என்று சொன்னால், மாதத்தின் 30 நாட்களில் 21 நாட்கள் அந்த மணிக்கு வழி திறக்கும் என்று பொருள். எந்த 21 நாட்கள் என்பதை அது சொல்லாது. சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். மருத்துவமாது பேறுகாலத்துக்கு ஒரு தேதி எழுதித் தருகிறார். அதே தேதியில் பிறக்கும் பிள்ளைகள் எத்தனை? அதற்காகத் தேதி பொய் என்று யாரும் சொல்வதில்லை. அதை வைத்துத்தான் பழைய துணி துவைத்து மடித்து வைக்கிறோம்.

பிறையும் இப்படித்தான். 29ஆம் நாள் மாலை பிறை எத்தனை பாகை உயரத்தில் நிற்கும் என்பதைக் கணக்கு சரியாகவே சொல்லிவிடும். ஆனால் நபி (ஸல்) அவர்கள் கண்ணால் காண்பதைத் தொடர்புபடுத்தி வைத்தார்கள். மேகமும் கடற்புகையும் கணக்கில் வருவதில்லை. கணக்கே வேண்டாம் என்பாரும், கணக்கே போதும் என்பாரும் இந்தக் கொப்பியை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

கேட்காவிட்டால் வழி மூடியிருக்கிறது என்றும் முடிவு கட்ட முடியாது. வழி திறந்திருந்து, அந்தப் பக்கம் எவரும் பேசாமல் இருக்கலாம். அதற்காகவே உலகெங்கும் 18 இடங்களில் தானியங்கி ஒலிபரப்பிகளை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் 10 விநாடி தன் பெயரை மோர்ஸ் ஒலியில் சொல்லும். 3 நிமிடத்தில் சுற்று முடிந்து மறுபடி தொடங்கும். இலங்கைக்கும் அந்த வரிசையில் ஓரிடம் உண்டு. பள்ளிக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்குப் பாங்கு சொல்லும் மோதினாரைப் போல என்று எனக்குப் பட்டது. அன்றிரவு மருமகன் கென்யாவையும் ஹொங்கொங்கையும் அப்படித்தான் பிடித்தான்.

இரண்டாம் நாள் நண்பகலில் எல்லாம் ஊமையாகிவிட்டது. எல்லா அலைவரிசையும். ‘மிக நன்று’ என்று கொப்பியில் எழுதியிருந்த நேரம் அது. கம்பி அறுந்துவிட்டதென்று மருமகன் மரத்தில் ஏறி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு இறங்கினான். கம்பியில் குறையில்லை. முக்கால் மணி நேரத்தில் குரல்கள் தாமாகவே திரும்பின. சூரியனில் ஒரு வெடிப்பு. 8 நிமிடத்தில் அதன் கதிர் வந்து, பகல் பக்கத்திலிருக்கும் விழுங்கும் படையைத் தடிப்பாக்கிவிட்டது. காலையில் எழுதிய எதிர்வு கூறலுக்கு இது எப்படித் தெரியும்?

மாலையில் வந்த குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல நடுங்கின. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பகுதிக்கு அருகால் போவதால், சூரியன் மறைந்ததும் மேற்படை இங்கே குழம்புகிறது. அந்தக் கோட்டின் அருகாமைக்காகத்தான் 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டைக் கேரளத்தின் தும்பாவிலிருந்து விட்டது.

இத்தனை சிரமம் எதற்கென்று அவனிடமே கேட்டேன். 2004 டிசம்பர் 26ஐச் சொன்னான். சுனாமியில் தொலைபேசிகள் செத்த நேரத்தில், அந்தமானுக்கு வானொலிப் பயணம் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி போர்ட் பிளேயரிலிருந்து இந்தியாவுக்குச் செய்தி அனுப்பினார். உறவினரைத் தேடித் தவித்தவர்களுக்கு அவருடைய குரலே துணையாயிற்று. இலங்கையிலும் விக்டர் குணதிலக்கவும் அவருடைய தோழர்களும் தென்கரையோடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எங்கே போகும் என்று பழகியிராதவர் கையில் கருவி இருந்தும் அன்று பயனில்லை. ஏளனம் செய்தது தவறு என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின் என் சாச்சி முற்றத்தில் வந்து நின்று கடலைப் பார்த்தார். எழுபது கடந்தவர். காற்று முற்றாக விழுந்து, கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. முத்துக்குளிப்பும் இந்த அமைதிக் காலத்தில்தான் நடந்ததாம்.

“இண்டைக்கு ராவைக்கு அக்கரை கேக்கும் மகன்” என்றார்.

“எப்படித் தெரியும் சாச்சி?”

“கடல் இப்படிக் கிடந்தா வரும். அந்த நாளையில பற்றரியில டீவி பார்க்கக்குள்ள இப்படித்தானே இந்தியாப் படம் தெளிவா விழும். காத்தடிச்சா புள்ளி புள்ளியாப் போயிரும்.”

அந்த நாள் என்றால் 1990க்கு முந்தைய நாள். அந்த வருடம் ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இந்த ஊரும் வெறுமையாகிப் புத்தளம் பக்கம் போயிற்று. எனக்கு அப்போது பத்து வயது. சாச்சி குர்ஆனையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தார். ரேடியோவை மாடத்திலேயே விட்டுவிட்டுப் போனார். போர் முடிந்து, பத்தொன்பது வருடங்களுக்கு மேல் கழித்துத் திரும்பியபோது மாடமும் இல்லை, சுவரும் இல்லை. காடு வளவுக்குள் நின்றது. தறப்பாள் கொட்டிலில் முதல் இரவு, மகனுடைய சின்ன ரேடியோவை வாங்கி அக்கரை வருகிறதா என்றுதான் திருகிப் பார்த்தாராம்.

“வந்துச்சா?”

“அண்டைக்கு வரல்ல. காத்து.”

இஷாவுக்குப் பின் மருமகன் பெரிய கருவியை விட்டுவிட்டு, அந்தச் சின்ன எஃப்.எம். ரேடியோவை முற்றத்துக்குக் கொண்டுவந்தான். எஃப்.எம். அலைகள் மேலேயுள்ள படைகளில் வளைவதில்லை; கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சற்று அப்பால் முடிந்துவிடும். ஆனால் அமைதியான இரவில் கடல்மேல் ஈரக் காற்றும் அதற்கு மேலே உலர்ந்த சூடான காற்றும் அடுக்காகப் படியும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் குழாயில் ஓடும் நீர்போல ஓடுகின்றன. இங்கிருந்து நேர் மேற்கே 200 கிலோமீட்டர் அளவில் காயல்பட்டினமும் தூத்துக்குடியும் இருக்கின்றன.

முள்ளைத் திருகினான். தமிழகத்து நிலையம் ஒன்று வந்தது. மெல்ல மங்கி, பிறகு மணியடித்ததுபோல நின்றது. தூத்துக்குடிக் கடை ஒன்றின் விளம்பரம். பாய், தலையணை, கட்டில் என்று விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாச்சி பாயில் சாய்ந்து முழு விளம்பரத்தையும் கேட்டார்.

“உங்கட கடதாசி இதைச் சொல்லிச்சா?” என்று பேரனிடம் கேட்டார்.

அவன் டோர்ச் வெளிச்சத்தில் கொப்பியைத் திறந்தான். இடப்பக்கத்தில் அந்த மணிக்கு எதுவும் இல்லை. வலப்பக்கத்தில் நேரத்தைக் குறித்தான். பிறகு சற்று யோசித்து, இடப்பக்கத்தில் ‘உம்மம்மா, அஸருக்குப் பின்’ என்று எழுதினான்.