பானட்டைத் தூக்கினால்

பழைய கார் ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலோர் முதலில் பெயிண்டுக்குத்தான் விடுகிறார்கள். டிங்கரிங் முடித்து, சீட்டுக்கு உறை தைத்து, குரோமியத்தை மின்ன வைத்து, கோயில் வாசலில் நிறுத்திப் படமும் எடுத்த பிறகுதான் இன்ஜின் நினைவுக்கு வருகிறது. சக்கரம் அதற்கும் பிறகு. எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு நான் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்தேன். இன்ஜினும் நான்கு சக்கரமும் சரியாகும் வரை அதன் உடம்பில் பெயிண்ட் படக் கூடாது என்று முடிவு. பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் வெளுத்துப்போன பழைய வண்டிதான். இருக்கட்டும். கார் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பொருள். ஓட்டம் திரும்பினால்தான் அது திரும்பியதாக அர்த்தம்.

ஹெரால்டைக் குடும்பக் கார் என்றுதான் நம் ஊர்களில் நினைவு வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வம்சத்துக்கே தாய். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. வடிவம் இத்தாலியர் ஜொவானி மிக்கேலோட்டி போட்டது. 1962-ல் அதே சேசிஸைக் குறுக்கி, அதே குடும்பத்து 1147 சிசி இன்ஜினை வைத்து, இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டியாக விட்டார்கள். அதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை உற்பத்தியில் இருந்து மூன்று லட்சத்துக்கு மேல் விற்ற கார். லோட்டஸ் நிறுவனமும் தன் எலான் போன்ற கார்களின் முன்சக்கர அமைப்புக்கு ஹெரால்டின் பாகங்களைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே இன்று உலகத்தில் எங்கோ ஒருவர் தன் ஸ்பிட்ஃபயரின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு எதையெல்லாம் தேடுகிறாரோ, ஏறக்குறைய அதையெல்லாம்தான் புதுக்கோட்டையில் நானும் தேடினேன்.

நம்முடைய ஹெரால்டு சென்னைப் பிள்ளை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-ல் தொடங்கப்பட்டது. வண்டலூர் ஆலையில் 1961 முதல் ஹெரால்டு தயாரானது. இந்தக் காரின் உடம்பு ஒரே துண்டாக வெல்டிங் செய்யப்பட்டதல்ல. இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்த நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், தகடுகளைத் தனித்தனியாகப் பல இடங்களில் அடித்து, தனி சேசிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடுதான் இந்த வண்டியைத் தொலைதூர நாடுகளில் பூட்டுவதற்கு வசதியாக்கியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், ஃபியட்டோடு ஹெரால்டும் அங்கே சீறியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போன அதே 948 சிசி இன்ஜின்தான்.

அதன் பானட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முன் மட்கார்டு, விளக்கு, மூக்கு எல்லாம் சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும். இன்ஜினும் இரண்டு முன்சக்கரங்களும் அவற்றின் ஸ்பிரிங், கம்பி, கை எல்லாமும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். திருமயம் போகிற சாலையில் நான் வண்டியை விட்ட பட்டறைக்கார அண்ணன் முதல் நாளே அப்படித்தான் உட்கார்ந்தார். அம்பாசடரும் ஃபியட்டும் பார்த்துப் பழகிய கை. என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னார்.

“கிளச்ச மிதிங்க தம்பி… விடுங்க… இன்னொருவாட்டி மிதிங்க.” பிறகு எழுந்து வந்து, “நான் மிதிக்கிறேன், நீங்க போயி முன்னாடி புல்லியப் பாருங்க” என்றார்.

பார்த்தேன். கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் புல்லி முன்பக்கம் ஒரு நூலளவு நகர்ந்து, விட்டதும் பின்னுக்குப் போனது. சுழல வேண்டிய தண்டு நீளவாக்கில் நடமாடிக்கொண்டிருந்தது. இந்தக் குடும்பத்து இன்ஜின்களின் தலையாய வியாதி அதுதான். கிராங்கின் பின்பக்க மெயின் பேரிங்கில் பிறைவடிவில் இரண்டு வாஷர்கள் உண்டு. கிளச்சின் அழுத்தத்தை அவைதான் தாங்குகின்றன. அங்கே இருக்க வேண்டிய ஆட்டம் 4 தௌ முதல் 8 தௌ வரை (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு. வாஷர் தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் தன் பள்ளத்திலிருந்து நழுவி ஆயில் சம்ப்புக்குள் விழுந்துவிடும். பிறகு கிராங்கே பிளாக்கின் இரும்பைத் தின்னத் தொடங்கும். அந்த நிலைக்குப் போன பிளாக்கை மீட்பது லேசல்ல. எங்கள் வண்டியில் விழவில்லை. விழுவதற்கு ரொம்ப நாளும் இல்லை. அண்ணன் டயல் கேஜை வைத்து அளந்து, சம்ப்பை இறக்கி, அந்தப் பிறைத்துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கத்து வெள்ளைப் பூச்சு முழுக்கப் போய், செம்பு நிறம் தெரிந்தது. கிட்டத்தட்ட ஒரு காசின் தடிமன்தான். ஒரு முழு இன்ஜினின் ஆயுள் அதன்மேல் நிற்கிறது என்பதை அன்று கையில் வைத்துப் பார்த்தேன்.

அதற்குமேல் இன்ஜின் வேலை என்றால் எல்லா ஊரிலும் உள்ள வேலைதான். புகை தள்ளியது, ஆயில் குடித்தது, ஏற்றத்தில் பிக்கப் இல்லை. ஹெட்டை இறக்கிப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் கீறல். புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் புழுதி ஏர் ஃபில்டர் கிழிந்த எந்த இன்ஜினையும் விட்டுவைக்காது. உப்புத்தாள் போட்டு இழைத்த மாதிரி இருந்தது. முதன்முதல் அளவு 63 மில்லிமீட்டர். முன்பே யாரோ போரிங் செய்து 40 தௌ ஏற்றியிருந்தார்கள். இன்னும் கடைந்தால் சுவர் மெலிந்து சூடு தாங்காது என்பதால், திருச்சியில் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்து சேர்த்தவை. அந்த அலைச்சலைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. 2000-க்குப் பிறகு நாட்டில் ஈயப் பெட்ரோல் இல்லை. இப்போது பங்கில் ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஈயம் போனதால் எக்ஸ்ஹாஸ்ட் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். அங்கே கெட்டி எஃகு வளையம் பதித்தோம். எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைத்துக் கரைக்கும். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் முதல் கடைசி ஹோஸ் வரை மாற்றினோம். வெளியே ஒன்றும் தெரியாது. பழைய வண்டியில் புது உலகத்துக்காகச் செய்யும் மாற்றம் இப்படிக் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மாருதி இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு “ஹெரால்டு வெச்சிருக்கேன்” என்று சொல்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. சட்டமும் இதில் என் பக்கம்தான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி ஐம்பது வயது தாண்டியிருந்தால் மட்டும் போதாது. சேசிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவத்திலேயே காப்பாற்றியிருக்கவும் வேண்டும்.

சக்கரத்துக்கு வருகிறேன். என் மனசு இன்ஜினைவிட இங்கேதான் அதிகம் தங்கியது. ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு நெட்டுத் தண்டில் நிற்கிறது. அந்தத் தண்டின் அடிநுனியில் மரை வெட்டி, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டு அந்த மரைக்குள்ளேயே திரும்பும். இடப்பக்கத்து மரை இடமாகவும் வலப்பக்கத்து மரை வலமாகவும் ஓடும். அந்த வெண்கலக் கட்டைக்குப் பெயர் ட்ரன்னியன். இதற்குள் ஊற்ற வேண்டியது 90 கியர் ஆயில். நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவதுதான் பழக்கம். கிரீஸ் உள்ளே காய்ந்து கெட்டியாகி, மரையின் அடி வரை எண்ணெய் போகாமல் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் புகுந்து துருவேறும். பிறகு ஒருநாள் தண்டு முறிந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். பந்தயத்தில் ஓடிய கார்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. எங்கள் வண்டியின் இடப்பக்கத்து ட்ரன்னியனைக் கழற்றியபோது மெழுகுபோல் இறுகிப்போன கிரீஸைக் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. மரையில் துரு கடித்த இடங்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அந்தத் தண்டை மறுபடி வண்டியில் ஏற்ற அண்ணன் சம்மதிக்கவில்லை. “இத மாட்டிவிட்டு நான் தூங்க முடியாது தம்பி” என்று தனியே எடுத்து வைத்துவிட்டார். மாற்றுத் தண்டு கிடைக்கும் வரை வண்டி மரக்கட்டைமேல் நின்றது. அந்தத் தாமதத்துக்காக நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டயர் பிரச்சினையாகும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். ஆகவில்லை. 13 அங்குல ரிம். பழைய டயர் அளவு 5.20-13. பழைய வேகன் ஆருக்குப் போட்ட 145/80 ஆர்13 டயர் அதில் கச்சிதமாக உட்காருகிறது. நம் ஊர் டயர் கடையிலேயே கிடைக்கிறது. ரிம் பழையது என்பதால் ட்யூப் போட்டேன். கோட்டம் எடுத்து, துரு தட்டி, பேலன்ஸ் பார்த்து, அந்த இரும்பு ரிம்களையே மாட்டினேன். அகலமான அலாய் வீல் பார்வைக்கு எடுப்புதான். ஆனால் அந்தச் சின்ன பேரிங்குகள் ஒல்லிச் சக்கரத்தின் சுமைக்கென்று கணக்குப் போட்டவை. ஸ்பிட்ஃபயர்காரர்களுக்காவது கம்பி வீல் என்ற ஆசை உண்டு: அறுபது ஆரக்கால், நடுவில் சுத்தியலால் தட்டிக் கழற்றும் இறக்கை நட்டு. நமக்கு அதுவும் வேண்டாம்.

பின்சக்கரத்தின் கதை வேறு. நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஏற்பாடு 1959-ல் சின்னக் கார்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் பின்னால் இருப்பது ஊஞ்சல் போல் ஆடும் அரை ஆக்சில்கள். குறுக்கே ஒரே பட்டைக்கட்டு (லீஃப் ஸ்பிரிங்). வேகமாக வளைவில் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கத்துச் சக்கரம் உள்ளுக்கு மடங்கி வண்டியைத் தூக்கிவிடும். ஸ்பிட்ஃபயரில் 1970-ல் பட்டைக்கட்டை மாற்றி இதைச் சரிசெய்தார்கள். சென்னையில் இன்னும் நேரடியாக யோசித்தார்கள்: 1972-ல் ஹெரால்டைத் திருத்தி கெஸல் என்று இறக்கியபோது, அந்த ஊஞ்சலையே கழற்றிவிட்டு நேர் ஆக்சில் வைத்துவிட்டார்கள். நம் சாலையும் நம் மெக்கானிக்கும் எதைத் தாங்குவார்கள் என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது. இந்திய மோட்டார் தொழிலை வெறும் நகல் தொழில் என்று பேசுகிறவர்கள் இந்த ஆக்சிலைக் குனிந்து பார்க்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் பழையதைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று யாரும் எங்களைச் சொல்ல முடியாது. சித்தன்னவாசலுக்கும் நார்த்தாமலைக்கும் குடுமியான்மலைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். ராமச்சந்திரபுரத்திலும் ராயவரத்திலும் நகரத்தார் வீட்டுத் தேக்குத் தூண் ஒன்று பெயர்ந்தாலும் வருத்தப்பட ஆள் இருக்கிறது. விற்றாலும் காரைக்குடியில் அதற்கு விலை உண்டு. ஆனால் அதே வீட்டுக் கொட்டகையில் நின்ற காரை மட்டும் எடைக்குப் போடுகிறோம். கிலோ கணக்கில் போன ஹெரால்டுகளில் இருந்த ட்ரன்னியன்களும் கிராங்குகளும் இன்று கிடைத்தால் இன்னும் சில வண்டிகள் சாலைக்கு வரும். வண்டலூரில் செய்த கார் இனி எங்கும் செய்யப்படப் போவதில்லை. கொட்டகையில் ஒன்று நின்றால், பெயிண்டைப் பார்த்து மதிப்புப் போடாதீர்கள். பானட்டைக் கவிழ்த்து, கிளச்சை ஒருவர் மிதிக்க, புல்லியை ஒருவர் பாருங்கள்.

இப்போது ரன்னிங்-இன். புது ரிங் சிலிண்டரோடு பழக வேண்டும் என்பதால் விரட்டாமல், அதற்காக உருட்டிக்கொண்டும் போகாமல், திருமயம் வரை போய் வருகிறேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை இறக்கி, ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கி, வால்வு இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில் 10 தௌவுக்கு வைக்க வேண்டும். பின்பக்கப் பட்டைக்கட்டு கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. லாரிப் பட்டை தட்டுகிறவரிடம் பேசியாயிற்று, அறுவடை லோடு முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பெயிண்ட் என்ன கலர் என்று வீட்டில் கேட்கிறார்கள். பட்டை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.