சத்தமா? சக்தியா?

கவிதையும் சிறுகதையும் எழுதத் தெரிந்த நண்பர்கள் நம் பேரவையில் நிறையவே இருக்கிறார்கள். இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கு அந்த வரம் வாய்க்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன். அது காரின் புகைபோக்கி. சிரிக்காதீர்கள், நண்பர்களே! நம் இளைஞர்கள் பலரின் முதல் மாதச் சம்பளம் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது.

கிள்ளானில் என் மாமா மகன் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறார். எனக்கு அவர் அண்ணன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு சீனத் தவுக்கேயிடம் வெல்டிங் கற்றுக்கொண்டவர். பருவ விடுமுறைகளில் நான் அங்கே கையாளாக வேலை செய்வேன். அப்படி ஒரு விடுமுறையில், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் பழைய ஐரோப்பியக் கார் ஒன்றை ஓட்டிவந்தார். அவர் சேமித்து வாங்கிய முதல் கார்.

“பின்னால மஃப்ளர்ல ஒரு ஃபிளாப் இருக்காம். அத எப்பவும் திறந்தே இருக்கிற மாதிரி செஞ்சிடுங்கண்ணே. பவர் கூடுமாம்” என்றார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ன தம்பி, யுனிவர்சிட்டி என்ன சொல்லுது?”

அந்த ஃபிளாப் என்பது புகைக்குழாய்க்குள் இருக்கும் ஒரு சிறிய மடல். வட்டமான தகடு ஒன்று ஓர் அச்சில் திரும்புகிறது, அவ்வளவுதான். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது மடல் மூடியிருக்கும். புகை, மஃப்ளரின் அறைகளுக்குள் சுற்றி வளைந்து சத்தம் அடங்கி வெளியேறும். இன்ஜின் வேகமெடுக்கும்போது மடல் திறந்துகொள்ளும். புகைக்கு நேர்வழி கிடைக்கும்.

ஏன் இந்த ஏற்பாடு? நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புகள் வீதம் வினாடிக்கு 100 வெடிப்புகள். அதுதான் காருக்குள் ‘உம்ம்’ என்று காதை அழுத்தும் ஓசை. நெடுஞ்சாலையில் அதைக் கேட்டுக்கொண்டே பயணம் செய்ய யாரும் விரும்புவதில்லை. அதே சமயம், உச்ச வேகத்தில் புகைக்கு இடைஞ்சல் இருந்தால் சக்தி குறையும். இந்த இரண்டுக்கும் இடையே செய்துகொண்ட சமரசமே மடல்.

பல கார்களில் இன்ஜினின் உறிஞ்சும் விசைதான் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக மடலை மூடிப் பிடித்திருக்கிறது. குழாயைக் கழற்றிவிட்டால் ஸ்பிரிங் மடலைத் திறந்துவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் கழற்றிய குழாயின் வாயை அடைக்க மறந்தால், அதன் வழியாகக் கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் புகும். பெட்ரோலும் காற்றும் சேரும் அளவு கெடும். நின்றிருக்கும் காரின் இன்ஜின் நடுங்கும்.

சரி, சக்தி கூடுமா? இங்கேதான் நம் காது நம்மை ஏமாற்றுகிறது. உச்ச வேகத்தில் மடல் தானாகவே திறந்துவிடுகிறது. ஆகவே காரின் அதிகபட்சக் குதிரைத்திறன் அப்படியேதான் இருக்கும். மெதுவான ஓட்டத்திலோ வெளியேறும் புகையே கொஞ்சம்தான். அதற்கு நேர்வழி கொடுத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அண்ணனுக்குத் தெரிந்த ஒருவரிடம் டைனோ இயந்திரம் இருந்தது. மடலை மூடி மூன்று முறையும் திறந்து மூன்று முறையும் ஓட்டிப் பார்த்தோம். ஒரே நிலையில் ஓட்டியபோதே எண்கள் கொஞ்சம் முன்பின்னாக வந்தன. அந்த வேறுபாட்டைவிட மடலால் வந்த வேறுபாடு சிறியதாக இருந்தது. சத்தம் மட்டும் பக்கத்துக் கடைக்காரரை வெளியே வரவழைத்துவிட்டது!

“பவர் ஏறலன்னாலும் பரவால்லண்ணே, சத்தம் நல்லா இருக்கு” என்றார் அந்த இளைஞர். நேர்மையான பதில்தான். அண்ணன் குழாயின் வாயை அடைத்துக் கொடுத்து, “தாமானுக்குள்ள மிதிக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார்.

காற்று கெடுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மடல் இருப்பது குழாயின் கடைசியில், மஃப்ளரில். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ அதற்கு முன்னால், இன்ஜினுக்கு அருகில் இருக்கிறது. மடலுக்கு வந்து சேரும்போதே புகை சுத்தமாகிவிட்டது. ஆகவே மடலைத் திறப்பதால் மட்டும் நச்சுப்புகை கூடிவிடாது. சத்தத்தைக் கேட்கும் ஆசையில் கால் எண்ணெய் மிதியை அதிகம் அழுத்தினால், அது வேறு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஒரு மாதம் கழித்து அதே இளைஞர் மீண்டும் வந்தார். இம்முறை “கேட்ட எடுத்துடுங்கண்ணே” என்றார். வேறொரு பட்டறையில், கன்வெர்ட்டரைக் கழற்றிக் கொடுத்தால் கூலியும் வேண்டாம், மேற்கொண்டு பணமும் தருகிறோம் என்றார்களாம். அதிலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன.

அண்ணன் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். “பதினஞ்சு வருசமா இந்த டப்பாவப் பாக்குறேன். உள்ள அப்படி என்னதான்டா இருக்கு?”

என் பாடக்குறிப்பு முழுவதும் ஆங்கிலம். தமிழில் ‘வினையூக்கி மாற்றி’ என்றேன். “தமிழ்ல சொல்லுடா” என்று சிரித்தார். யோசித்துச் சொன்னேன்.

“அண்ணே, உள்ள பீங்கான்ல தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான ஓட்டை. அதுமேல அந்த உலோகம் மெலிசா பூசியிருக்கு. இன்ஜின்ல இருந்து மூணு கெட்டது வருது. அரைகுறையா எரிஞ்ச கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், அப்புறம் நைட்ரஜன் ஆக்சைடு. சூடான இந்தத் தேன்கூட்டுக்குள்ள போனா அதுல பெரும்பகுதி கரியமில வாயுவா, தண்ணி ஆவியா, சாதாரண நைட்ரஜனா மாறிடுது. இத எடுத்துட்டா மூணும் அப்படியே வெளிய வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாடையும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார்ற இடத்துல, அதவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும்.”

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மழை நாள்ல ஷட்டர பாதி இறக்கிட்டு இன்ஜின ஓடவிடுவோமே... அன்னிக்கெல்லாம் எனக்குத் தலை வலிக்கும்” என்றார். இன்ஜின் சூடாகும்வரை கன்வெர்ட்டர் இருந்தாலும் காப்பாற்றாது என்பதையும் சொன்னேன். எழுந்துபோய் ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு வந்தார்.

அந்த வேலையை அவர் ஏற்கவில்லை. இளைஞர் கோபித்துக்கொண்டு போனார். வேறு பட்டறையில் கழற்றிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க சென்சாரை ஏமாற்றும் சிறு கருவியும் பொருத்திக்கொண்டாராம். ஏமாற்றுவது சிறியவர்கள் மட்டுமல்ல. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015இல் அம்பலமானது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள்!

நம் நாட்டில் வாகன இரைச்சலுக்கு 1987ஆம் ஆண்டிலும், பெட்ரோல் இன்ஜின் புகைக்கு 1996ஆம் ஆண்டிலும் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் விதிமுறைகள் வந்தன. மடலைத் திறந்து வைத்தாலும் இரைச்சல் எல்லையைத் தாண்டினால் குற்றம்தான். ஆனால் சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரிக்குச் சத்தம் எளிதில் கேட்கும். கன்வெர்ட்டர் இல்லாதது கண்ணில் படாது. சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரியும்போது அந்தக் குழாய்க்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தாய்மார்கள். மடலைத் தொட்டால் பிறர் காதைத் தொடுகிறோம். கன்வெர்ட்டரைத் தொட்டால் பிறர் நுரையீரலைத் தொடுகிறோம்.

இப்போதெல்லாம் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லி யாராவது வந்தால், அண்ணனே “தேன்கூடு” கதையைச் சொல்கிறார். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் அடுத்த பட்டறைக்குப் போகிறார்கள். போகிறவர்களால் அவருக்கு வருமானம் குறைவுதான்.

பதினைந்து ஆண்டுகளாக அந்தப் புகைக்கு நடுவே நின்றவருக்கு, அது என்ன புகை என்று அவர் மொழியில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. மருத்துவம், சட்டம், கணக்கியல், பொறியியல் என்று பல துறைகளில் நாம் படிக்கிறோம். ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஓர் அண்ணன் இருப்பார். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, படித்ததில் ஒன்றையாவது அவருக்குப் புரியும் தமிழில் சொல்லிப் பாருங்கள், நண்பர்களே.